வெந்நீர் ஊற்றும் அக்கா மகளின் புழுக்களும்

முதல் நாள்: செந்தூல்

கோலாலம்பூருக்கு நான் வருவது இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டும் கல்யாணம், காதுகுத்து. இந்த முறை வந்தது புழு பார்க்க. சொன்னால் யாரும் நம்பவில்லை. விசா வரிசையில் பின்னால் நின்றவர் "என்ன சார், பத்துமலையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதுவே சுலபம்.

முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் வாத்தியாராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றேன். உருளைப்புழு என்றால் எனக்கு ஒரே படம்தான். அஸ்காரிஸ், வயிற்றுக்குள் இருக்கும் நாக்குப்பூச்சி. ஐந்து மதிப்பெண் கேள்வி, படம் வரைந்து பாகங்களைக் குறி. பாடப்புத்தகத்தில் அதற்கு அப்பால் உருளைப்புழு உலகம் கிடையாது. அக்கா மகள் இங்கே ஆராய்ச்சி மாணவி. வெந்நீர் ஊற்றுகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழுக்களைத் தேடி எடுத்து, இதுவரை பெயரில்லாதவை இருந்தால் விவரித்துப் பெயர் வைப்பது அவள் வேலை. "மாமா, ஒரு வாரம் வந்து கூட இருங்க, எனக்கு எடுபிடி வேணும்" என்றாள். வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவின் மாமியார் கேட்ட முதல் கேள்வி "பசியாறியாச்சா தம்பி?" காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் சொல். எனக்கு இந்தச் சொல் மேல் ஒரு பிரியம். நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

வீட்டில் சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் காப்பி பிளாஸ்க்கை மகள் எடுத்துக்கொண்டு போய் ஊற்றுச் சேற்றுக் குழாய்களை அதில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். சூட்டில் வாழும் புழு, வழியில் ஆறிப்போனால் சுருண்டுவிடும் என்பது அவள் கட்சி. "அந்தப் பிளாஸ்க்ல இனிமே எவன்டா காப்பி குடிப்பான்?" என்பது அக்கா கட்சி. நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

இரண்டாம் நாள்: சித்தாப்பாக், ஆயர் பானாஸ்

நகரத்துக்குள்ளேயே வெந்நீர் ஊற்று இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஜாலான் பகாங் வழியாகப் போய் சித்தாப்பாக் பக்கம் திரும்பினால் ஆயர் பானாஸ். மலாயில் அதற்கு அர்த்தமே வெந்நீர்தான்.

போகிற வழியில் ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினாள். மருத்துவ ஆய்வுக் கழகம், 1900-இல் தொடங்கியது. "இங்க வேலை பார்த்த ஒருத்தர் கண்டுபிடிச்ச புழு இன்னும் உலகம் பூரா ஆய்வகத்துல வளர்க்கிறாங்க மாமா." ப்ரூஜியா பஹாங்கி. பூனையிலும் நாயிலும் இருக்கும் ஒரு யானைக்கால் புழு. 1956-இல் பக்லி, எடிசன் என்ற இருவர் விவரித்து, பகாங் மாநிலத்தின் பெயரை வைத்தார்கள். அப்போது அதை உச்சரேரியா என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவு இனங்களின் கூட்டத்தில், வைத்திருந்தார்கள். நான்கு வருஷம் கழித்துப் பக்லியே அதற்கும் அதன் உறவுகளுக்கும் தனிப் பேரினம் உண்டாக்கினார். மனிதனைத் தாக்கும் உறவுக்காரப் புழுவுக்கு மலாயி என்ற பெயர். அது 1927-இல் ப்ரக் என்ற டச்சுக்காரர் வைத்தது, பேரினப் பெயரே அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். ஜாலான் பகாங்கில் டாக்சியில் உட்கார்ந்துகொண்டு பகாங் பெயர் கொண்ட புழுவைப் பற்றிக் கேட்பது நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுநர் மட்டும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஊற்று என்றால் நான் காட்டுக்குள் ஆவி பறக்கும் பாறை என்று கற்பனை செய்திருந்தேன். சிமெண்டுத் தொட்டிகள், கூரை, காலை முக்கிக்கொண்டு கதை பேசும் பெரியவர்கள். சீனப் பாட்டிகள் இரண்டு பேர், முட்டி வலிக்காரத் தமிழர் ஒருவர், மலாய்த் தம்பதி. அங்கே எல்லாரும் கால் நீட்டிய ஒரே சாதி. பராமரிப்பவர் அவள் அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு, "சாச்சிங்?" என்று கேட்டு முகத்தைச் சுளித்தார். புழுவுக்கு மலாய்ச் சொல். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தொட்டியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இந்தக் கடிதம் சும்மா மரியாதைக்கு இல்லை. மலேசியாவில் உயிரியல் வளங்களை எடுப்பதற்கென்று 2017-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒரு கரண்டி சேறு என்றாலும் அனுமதி வேண்டும். ஊருக்குக் கொண்டுபோய் மாணவர்களுக்குக் காட்ட ஒரு குப்பி கேட்கலாம் என்று நினைத்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

தொட்டியில் எதுவும் எடுக்கவில்லை. சிமெண்டைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், அங்கே என்ன மிஞ்சும்? வெளியேறும் கால்வாயில்தான் வேலை. பச்சையும் துருப்பிடித்த ஆரஞ்சும் கலந்த வழவழப்பான பாய் ஒன்று ஓரத்தில் ஒட்டியிருந்தது. சயனோபாக்டீரியா, வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கும் பாக்டீரியா. தேக்கரண்டியால் வழித்துக் குழாயில் போட்டாள், நான் வெப்பமானியைப் பிடித்தேன். 44, ஒரு சாண் தள்ளி 41, இன்னும் தள்ளி 38. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஒரு சீட்டு. பத்து நிமிஷத்தில் என் எடுபிடி வேலை முடிந்தது.

இங்கே எரிமலை எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நானே கேட்டு மூக்குடைபட்டேன். தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. மழைத்தண்ணீர் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் போனால் வெப்பம் 25, 30 டிகிரி கூடும். இறங்கின தண்ணீர் சூடாகி வேறு பிளவு வழியாக மேலே வருகிறது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்: செலாயாங், பத்துமலை

முதலில் முந்தாநாள் நான் எழுதியதில் ஒரு குறை. "சூட்டில் வாழும் புழு" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அக்கா மகள் காலையிலேயே பிடித்துக்கொண்டாள். "கொதிக்கிற தண்ணியில நீந்துதுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க மாமா."

அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ஊற்றின் வாயில் புழு இருக்காது. சயனோபாக்டீரியா 70 டிகிரி தாண்டியும் தாங்கும், அதற்கும் மேலே வேறு பாக்டீரியாக்கள் உண்டு. விலங்கு என்று வந்தால் கதை வேறு. உடம்பில் நரம்பும் தசையும் குடலும் உள்ள உயிர் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. உருளைப்புழு இருப்பது ஓரத்தில். வெந்நீர் ஆறி, பாக்டீரியாப் பாய் தடித்து, சேறு சேரும் இடத்தில். அங்கே அதற்குச் சாப்பாடு கொட்டிக்கிடக்கிறது, போட்டிக்கு ஆள் இல்லை. கல்யாண வீட்டில் அடுப்பங்கரைக்குப் பக்கத்துப் பந்தி மாதிரி. சூடு தாங்கினால் சாப்பாடு முதலில் உனக்கு.

அதிலும் ஒரு சிக்கல். ஓரத்தில் கிடைத்த புழு எல்லாம் ஊற்றுப் புழு ஆகாது. மழைக்கு மண்ணோடு வந்து விழுந்த தோட்டத்துப் புழுவாக இருக்கலாம். அதனால் எங்கே, எத்தனை டிகிரியில் எடுத்தது என்ற சீட்டு இல்லாத குழாய் குப்பைக்குச் சமம். நேற்று நான் ஒரு சீட்டில் தேதி போட மறந்திருக்கிறேன். அந்தக் குழாய் போயே போய்விட்டது. வாத்தியார் வேலையில் எத்தனை பையன்களை இதற்காக வெளியே நிறுத்தியிருப்பேன்!

செலாயாங் ஊற்று ஆயர் பானாஸைவிடக் கூட்டம். வாளியோடு வந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள். ஒரு அம்மா என் முழங்காலைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு வாளி எடுத்துக் கொடுத்தார். "ஊத்துங்க, மூணு நாள்ல சரியாயிடும் லா." ஊற்றிக்கொண்டேன். சுகமாகத்தான் இருந்தது. தலையை மட்டும் முக்கக் கூடாது என்று அக்கா மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெதுவெதுப்பான நன்னீரில் நெக்ளேரியா என்ற அமீபா இருக்கலாம், அது மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும். குடித்தால் அந்த அமீபா தொற்றாது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. அரிது என்றாலும் வந்தால் பிழைப்பது கடினம்.

இங்கே சேறு கிடைத்தது. தண்ணீர் வழிந்து புல்லுக்குள் இறங்கும் ஓர் இடம், கறுப்பாக, அழுகிய முட்டை வாசனையோடு. 39 டிகிரி. மண்டியிட்டு அவள் வழித்துக்கொண்டிருந்தபோது சுற்றி நாலு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தங்கம் தேடுகிறீர்களா என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றாள்.

திரும்புகிற வழியில் பத்துமலை. படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 272 படி. கீழேயே நின்று முருகனைக் கும்பிட்டேன். அவளுக்கு அங்கேயும் ஒரு கதை இருந்தது. பக்கத்துக் குகையில் மண்ணுக்குள் கதவு வைத்து வீடு கட்டும் சிலந்தி ஒன்று உண்டு, மிகப் பழைய குலத்தைச் சேர்ந்தது. 1923-இல் விவரித்தார்கள். பெயர் லிஃபிஸ்டியஸ் பாத்துவென்சிஸ். பத்து மலையின் பெயர்தான். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறோம், அந்தப் பக்கத்துக் குகையில் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு இது உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஊர்ப் பெயர் வைத்த புழு நமக்கும் ஒன்று கிடைக்குமா? செலாயாங்கென்சிஸ் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. அவளிடம் சொன்னேன். "குழந்தை பிறக்கல, அதுக்குள்ள பேரா" என்றாள்.

நான்காம் நாள்: ஆய்வகம்

ஒரு கண்ணாடிப் புனல். அதன் வாலில் ரப்பர்க் குழாய், குழாயை இறுக்கி ஒரு கிளிப். புனலுக்குள் வலை, வலைமேல் டிஷ்யூ காகிதம், அதன்மேல் நேற்றைய சேறு. சேறு நனையும்படி தண்ணீர். ஒரு நாள், இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். உயிருள்ள புழு நெளிந்து நெளிந்து காகிதத்தைத் தாண்டித் தண்ணீருக்கு வரும். உருளைப்புழுவுக்கு நீளவாக்குத் தசை மட்டும்தான், வளையத் தசை கிடையாது. மண்புழு மாதிரி நீண்டு சுருங்க முடியாது, துடித்து நெளியத்தான் முடியும். தண்ணீரில் மேலே நீந்திப் போக முடியாமல் அடியில் போய்ச் சேரும். கிளிப்பைத் திறந்தால் முதல் சொட்டில் புழு. இவ்வளவுதான் கருவி. சமையலறைச் சாமான்.

இந்தப் புனலைக் கண்டுபிடித்தவர் பேர்மன் என்ற ஜெர்மன் மருத்துவர். எங்கே என்று நினைக்கிறீர்கள்? டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிர்க்கரையில். வருஷம் 1917. எதற்காக? மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க. இது பற்றி நாளை எழுதுகிறேன், பாட்டியிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

ஊற்றுச் சேற்றுப் புனல்களை மட்டும் 38 டிகிரியில் வைத்த பெட்டிக்குள் தள்ளினாள். ஏசி அறையில் வைத்தால் புழு விறைத்துப்போய் வெளியே வராது. அவளுடைய முதல் வருஷத்தில் இது தெரியாமல் ஏழு புனல் காலியாக வந்து, ஊற்றில் புழுவே இல்லை என்று எழுதப் பார்த்தாளாம்.

காத்திருக்கும் நேரத்தில் பழைய கட்டுரைகளைக் காட்டினாள். 1926-இல் ஹெப்லி என்பவர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளின் உருளைப்புழுக்களைப் பற்றி எழுதியது. அப்புறம் சீனாவுக்குப் போய் அங்கேயும் ஊற்று ஊற்றாகத் தேடியிருக்கிறார். அதே ஆள் பிற்காலத்தில் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். ஒட்டுண்ணிகளின் வரலாறு பற்றிய அவருடைய பெரிய புத்தகத்தை 1959-இல் வெளியிட்டது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம். நூறு வருஷம் பழைய கோட்டுப் படங்கள். ஒவ்வொரு புழுவின் வாயும் வாலும் தனித்தனியாக, பெரிதாக்கி. "இதை எல்லாம் படிக்காம நான் புதுசுன்னு சொன்னா, படிச்சவங்க சிரிப்பாங்க மாமா." ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு என்று எந்த மொழியில் எழுதியிருந்தாலும் பார்க்க வேண்டும். ஒரு புழுவுக்கு ஒருவர் 1880-இல் பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயர்தான் முன்னுரிமை. பின்னால் வந்தவர் வைத்த பெயர் செல்லாது.

உலகத்தில் பெயர் வைத்த உருளைப்புழு இனங்கள் சுமார் 28,000. மேல்மண்ணில் மட்டும் மொத்தம் எத்தனை புழு என்று 2019-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 44 போட்டு, பின்னால் 19 சுழியம். எடை 30 கோடி டன். பெயர் வைக்காதவை எத்தனை என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

ஐந்தாம் நாள்: மழை

வெளியே போக முடியவில்லை. புனலைத் தொடக் கூடாது. வீட்டில் பாட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டி பிறந்தது உலு சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். வயது எண்பத்து நாலு. கொக்கிப்புழு என்று சொன்னதும் அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். விரல் இடுக்கில் அரித்து, பிறகு ரத்தம் குறைந்து, முகம் வெளுத்து. "ஓ, அதுவா! பூச்சி!" என்றார்.

"வெள்ளன நாலரை மணிக்குப் பெரட்டுக்கு, ஆள் எண்ணுற வரிசைக்கு, நிக்கணும் தம்பி. செருப்பு ஏது? ரப்பர் மரத்தடி சேறு, லயத்து வீடுங்களுக்குப் பின்னாடி எல்லாரும் ஒதுங்குற இடம், அதிலதான் மிதிச்சுப் போவோம். ஞாயித்துக்கிழமை டிரஸ்ஸர், தோட்டத்து மருந்துக்காரர், வருவாரு. பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு மருந்து. அப்புறம் விளக்கெண்ணெய். மூக்கைப் பிடிச்சு ஊத்துவாரு. மறுநாள் கங்காணி வந்து விழுந்துச்சா, எத்தனைன்னு கேட்பாரு. எங்க அண்ணன் எப்பவும் ஒண்ணு ரெண்டு கூட்டித்தான் சொல்லும்."

பாட்டியின் காலத்துக்கு முன்பே, 1915 முதல் 1917 வரை, ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஒரு குழு மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. மருந்து கொடுத்து, விழுந்த புழுக்களை எண்ணிக் கணக்கெடுத்தார்கள். எண்ணப்பட்டவர்களில் நம் தமிழர் நிறையப் பேர். அண்ணன் மாதிரி யாராவது கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தக் குழு என்ன செய்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குழுவினர் யார் சொன்னதையும் கேட்கவில்லை, மலத்தை அலசித்தான் எண்ணினார்கள் என்று அக்கா மகள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

பாட்டி கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அப்பல்லாம் பூச்சியைக் கொல்லச் சொல்லிச் சம்பளம் குடுத்தான். இப்ப இவ பூச்சியைத் தேடிப் போறா. இதுக்குமா சம்பளம்?" உதவித்தொகை என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆறாம் நாள்: புழு

கிளிப்பைத் திறந்தாள். ஒரு சொட்டு, ஒரு கண்ணாடித் தட்டு. நான் உருப்பெருக்கிக்குக் கண்ணை வைத்தேன்.

முதலில் மண் துகள். அப்புறம் ஒரு நூல் துடித்தது. வெள்ளைக்கூட இல்லை, கண்ணாடி மாதிரி. ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு எஸ் போட்டு எஸ் போட்டு ஓடியது. முப்பத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் நான் வரைந்தது அசையாத புழு. உள்ளே குடல் இருண்ட கோடாக, தொண்டைக்குழாயின் முடிவில் ஒரு குமிழ், அந்தக் குமிழ் துடித்துத் துடித்து பாக்டீரியாவை அரைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த அரை மணி நேரம் நான் யாரோடும் பேசவில்லை.

ஒரு புழுவை மட்டும் எடுக்க எது கருவி தெரியுமா? பல்குத்தும் குச்சி முனையில் ஒட்டிய ஒரு கண்ணிமை முடி. அவளுடைய முடி வளைகிறது என்று என் புருவத்திலிருந்து ஒன்று கேட்டாள். கொடுத்தேன். நரைத்த முடி விறைப்பாக இருக்கிறதாம், புழு நழுவுகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் அவள் செய்தது எனக்கு வயிற்றைக் கொஞ்சம் பிசைந்தது. விவரிக்கப்போகும் புழு அசையக் கூடாது. சுடவைத்த பார்மலினை அதன்மேல் விட வேண்டும். சூட்டில் தசை தளர்ந்து புழு ஒரே வடிவத்தில் நிற்கும். சில இனம் நேராக நிற்கும், சில இனம் வில்லாக வளையும், சில இனம் ஜிலேபியாகச் சுருளும். அந்த வளைவே இனத்தை அடையாளம் காண ஒரு துப்பு. "வெந்நீர்ல பிறந்தது வெந்நீராலயே போகுது" என்றேன். இது 39 டிகிரி, அது 60-க்கு மேல என்று திருத்தினாள்.

அளவெடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, டி மான் என்ற டச்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தது. இன்றைக்கு ஒரு பெண் புழு: நீளம் 800 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அகலம் 25. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 32. தொண்டை 160, அதால் வகுத்தால் 5. வால் 100, அதால் வகுத்தால் 8. தலையிலிருந்து பெண்ணுறுப்பின் துவாரம் எத்தனை சதவீதத் தூரத்தில், 55. பெரிய புழு சின்னப் புழு என்று அளவு மாறினாலும் இந்த விகிதங்கள் அதிகம் மாறாது. அதனால் ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். நான் எண்ணைச் சொல்ல அவள் எழுதினாள். வாத்தியாராக என் முதல் உருப்படியான வேலை.

இத்தனை வேலையும் முடிந்து அவள் கணக்கு: முழு வளர்ச்சி அடைந்த பெண் 3. குஞ்சுகள் 17. ஆண் 0.

குஞ்சை வைத்து இனத்தை விவரிக்க முடியாது, பாகங்கள் முழுசாக இருக்காது. ஆண் புழுவின் வாலில் இனச்சேர்க்கைக்கு ஒரு ஜோடி ஊசி இருக்கும், அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. அது இல்லாமல் கட்டுரையை மதிப்பிடுபவர் விடமாட்டார். ஆணே இல்லாத இனமும் இருக்கிறதே என்று கேட்டேன். மரபணு முழுக்கப் படிக்கப்பட்ட முதல் விலங்கு, 1998-இல், சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுதான். அதில் பெரும்பாலும் இருபாலிகள், விந்தும் முட்டையும் ஒரே உடம்பில், ஆண் அரிது. இது எனக்கே தெரியும்.

"இருக்கலாம் மாமா. ஆனா ஆணே இல்லைன்னு எழுதணும்னா நிறையப் பொண்ணு பார்க்கணும்."

அக்கா அடுப்படியிலிருந்து வந்து "யாருக்குப் பொண்ணு பார்க்கிறீங்க?" என்று கேட்டாள். ஆய்வகக் கதையை இரவு வீட்டில் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தோம்.

மரபணு வழியும் உண்டு. ஒரு புழுவை நசுக்கி, குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பல கோடியாகப் படியெடுத்து, எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒப்பிடலாம். படியெடுக்கும் கருவி ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாகும், சாதாரண நொதி அதில் வெந்துவிடும். தாங்குகிற நொதி யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியா ஒன்றிலிருந்து வந்தது. 1960-களில் பிராக் என்பவர் கண்டது. ஊற்றுப் புழுவைப் படிக்க ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி!

சூட்டில் புழு எப்படிப் பிழைக்கிறது என்று நான் விடாமல் கேட்டேன். தென் ஆப்பிரிக்கச் சுரங்கக் கதையைச் சொன்னாள். 2011-இல், 1.3 கிலோமீட்டர் ஆழத்தில், தங்கச் சுரங்கத்தின் வெந்நீரில் அரை மில்லிமீட்டர் புழு ஒன்று கிடைத்தது. ஹாலிசெஃபலோபஸ் மெஃபிஸ்டோ, பேயின் பெயர். பின்னால் அதன் மரபணுவைப் படித்தபோது, சூட்டில் கசங்கும் புரதங்களை மறுபடி ஒழுங்காக மடித்துவைக்கும் புரதத்துக்கான மரபணுக்கள் அதில் பெருகியிருந்தன. நம் வீட்டில் துவைத்த வேட்டியை மடிக்கும் ஆள் ஒருவர் போதும். அங்கே ஒரு பட்டாளமே வைத்திருக்கிறது. செலாயாங் புழுவிலும் அப்படியா? தெரிய அதன் மரபணுவையும் முழுசாகப் படிக்க வேண்டும். முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். அதற்கு ஒரு ஆண் வேண்டும்.

பெயர் வைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் கேட்டேன். ஒரு கண்ணாடிச் சில்லில், கிளிசரின் சொட்டில், மெழுகு வளையத்துக்குள் ஒரு தனிப் புழு. அந்த ஒரு புழுதான் பெயரின் சொந்தக்காரர். அருங்காட்சியகத்தில் எண் போட்டு வைப்பார்கள். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தச் சில்லை எடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு. ஆதாரப் பத்திரம் மாதிரி.

நான்கு பெண் புழு இருந்தது, மூன்றைத்தான் சுட்டாள் என்பதை மேலே கணக்கில் விட்டுவிட்டேன். நாலாவதைத் தனியாக, அகார் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய ஒரு தட்டில், பாக்டீரியா தடவி, 38 டிகிரிப் பெட்டியில் வைத்தாள். ஆண் துணை இல்லை. தானே முட்டையிட்டு அது பொரிந்தால் ஒரு பதில். இடாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. சேற்றிலேயே ஏதாவது ஆணைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இட்டாலும் சொல்ல முடியாது. அதற்கு அவள் குஞ்சுகளில் ஒன்றைத் தனியாக வளர்க்க வேண்டும். ஐந்து தட்டில் ஐந்து குஞ்சு வைத்தாள்.

ஏழாம் நாள்: விமான நிலையம்

காலையில் மஸ்ஜித் இந்தியா பக்கம் போய் அக்காவுக்கு ஒரு பிளாஸ்க் வாங்கினேன், நாற்பத்தைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். அக்கா மகள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். வாய் அகலமாக இருக்கிறதே என்றாள். அக்கா பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

என் வெப்பமானியை அவளிடமே விட்டுவிட்டேன். சனிக்கிழமை மறுபடி செலாயாங் போகிறாள். இப்போது பெட்டியெல்லாம் கொடுத்துவிட்டு நுழைவாயில் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சற்று முன்பு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. நாலாவது பெண் புழு இருந்த தட்டு. புழு ஓரத்தில் சுருண்டிருக்கிறது, பக்கத்தில் முட்டை வடிவத்தில் மூன்று. முட்டையா, காற்றுக்குமிழியா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கேட்டேன்.

"எனக்கும் இன்னும் தெரியல மாமா. சாயங்காலம் பார்க்கிறேன்."

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.